ஓடக்காரிக்கு மூன்று வசனம்

டிசம்பர் 19

தொண்டையில் கத்தி வைத்துவிட்டார்கள். குரல்நாணில் மிளகளவு சதை வளர்ந்திருந்ததாம், எடுத்தாயிற்று. "சார், ரெண்டு வாரத்துக்குப் பேச்சே கூடாது. கிசுகிசுக்கறது அதவிட மோசம். சத்தமாச் சிரிக்கவும் கூடாது" என்றார் டாக்டர் பெனடிக்ட். தும்மலாமா என்று சீட்டில் எழுதிக் கேட்டேன். "முடிஞ்சவரைக்கும் தவிர்த்துருங்க" என்றார். இந்த மனிதருக்கு நகைச்சுவை என்பது மருந்துக்கும் கிடையாது.

யாரிடம் வந்து இதைச் சொல்கிறார்? திண்டுக்கல் மாவட்டத்தில் தேர்த்திருவிழாவோ, பள்ளி ஆண்டுவிழாவோ, நகைக்கடைத் திறப்போ, பட்டிமன்றம் என்றால் 'சொற்கொண்டல்' தனுஷ்கோடிதான். நத்தத்தில் ஒருமுறை கரண்ட் போய் மைக் செத்தபோது, கூட்டத்துக்கு வெளியே கடலை வறுத்தவனுக்கும் கேட்கும்படி முக்கால் மணி நேரம் பேசியவன் நான். தொண்டை கெட்டது அன்றைக்குத்தான் என்பது என் மனைவி வல்லியின் கட்சி.

வாயைத்தான் மூடச் சொன்னார், கையை அல்ல. ஆகவே இந்த நாட்குறிப்பு.

எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். எல்லோருக்கும் செய்வதுதானாம். அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 21

டிவியில் வரும் பொங்கல் பட்டிமன்றத்தில் என் நாற்காலி குமரகுருவுக்குப் போய்விட்டது. தலைப்பு: 'குடும்பத்தின் நிம்மதி யார் கையில்? கணவனா, மனைவியா?' வருடா வருடம் கணவன் அணியில் நான்தான். குமரகுரு யார்? என் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, என் ஜோக்குகளுக்கு மற்ற எல்லோருக்கும் முன்னால் சிரித்துப் பழகிய பையன். இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. அவன் போய்க் குடும்ப நிம்மதியைப் பற்றிப் பேசப் போகிறான்.

வல்லி எனக்குக் குழந்தைகள் எழுதும் வெள்ளைப்பலகை ஒன்றும் நீலப் பேனாவும் வாங்கி வந்திருக்கிறாள். 'காபி' என்று எழுதிக் காட்டினேன். உடனே வந்தது. வாயால் கேட்ட காலத்தில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

டிசம்பர் 22

மகள் நன்முல்லை புனேயிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். "அப்பா இப்படி சீலிங் ஃபேனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, அம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்று தன் பழைய கேம் பெட்டியை எடுத்து டிவியில் மாட்டினாள்.

வென்ட்மோர் என்று ஒரு நாடாம். மலை, காடு, ஆறு, ஊருக்கு ஒரு சத்திரம், வடக்கே ஒரு டிராகன். ஒரே ஆள் ஆடுவது, எதிரணி கிடையாது. "எங்க வேணாலும் போலாம்ப்பா. யாருகிட்ட வேணாலும் பேசலாம்." பேச்சு என்றதும் ஆர்வம் வந்தது. ஆனால் என் ஆளுக்கு வாய் கிடையாதாம். மூன்று பதிலைக் காட்டும். ஒன்றைப் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேயும் டாக்டர் பெனடிக்ட் புகுந்துவிட்டார்.

வீரனுக்குப் பெயர் கேட்டது. பட்டத்தோடு அடித்தேன். பாதியில் இடம் தீர்ந்துவிட்டது. 'சொற்கொண்டல் த' என்ற பெயரில் டிராகனைக் கொல்லப் புறப்பட்டேன்.

முதல் ஊரிலேயே கோழி ஒன்று குறுக்கே வந்தது. வாள் எப்படி இருக்கிறது என்று சும்மா ஒரு வீசு வீசிப் பார்த்தேன். கோழி செத்தது. ஊரே திரண்டு வந்து என்னை வெட்டிக் கொன்றது. நாட்டைக் காக்க வந்தவனுக்கு நடந்த மரியாதை இது. நன்முல்லை தரையில் உருண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிக்க அனுமதி இல்லையே.

டிசம்பர் 25

நன்முல்லை ஊருக்குப் போய்விட்டாள். நான் வென்ட்மோரில் பெரிய ஆள் ஆகிக்கொண்டிருக்கிறேன்.

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. திரையில் ஒரு மஞ்சள் அம்புக்குறி இருக்கிறது. அது காட்டும் பக்கம் ஓட வேண்டும். அங்கே ஒருவன் நின்று ஏதாவது சொல்வான். ஆங்கிலம், அதுவும் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசும் ஆங்கிலம். வட்டப் பொத்தானை அமுக்கினால் அவன் பேச்சு அறுந்துபோய் வேலை மட்டும் கையில் வரும். என்ன ஒரு பொத்தான்! இன்று மட்டும் ஒரு கொல்லன், இரண்டு விதவைகள், ஒரு ராஜகுரு ஆகியோரின் வாயை அடைத்தேன். தூரத்து ஊருக்கு நடக்கவும் வேண்டாம். வரைபடத்தில் தொட்டால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம்.

டிசம்பர் 26

குமரகுரு போன் செய்தான். நான் பேச முடியாது என்பது தெரிந்தேதான் செய்தான் என்பது என் கருத்து. வல்லி ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, பொங்கல் புரோகிராமுக்கு ஒங்க மெட்டீரியலயே எடுத்துக்கிறேண்ணே. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"டேய்!" என்றேன்.

ஒரே ஒரு சொல். ஆனால் முழுக் குரலில். எச்சிலில் ரத்தம் வந்தது. வல்லி ஆட்டோ பிடித்தாள். டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "பொங்கல் முடியறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்று தண்டனையை நீட்டிவிட்டார். சோதனை முடிவு வந்துவிட்டதா என்று வல்லி கேட்டாள். இன்னொரு பெரிய டாக்டரும் பார்த்துவிடட்டும் என்று சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். திரும்பி வரும்போது வல்லி ஆட்டோவின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் பூட்டுக்கடைகள்தான் இருந்தன.

டிசம்பர் 27

சலித்துவிட்டது. அம்பு, ஓட்டம், வெட்டு, அம்பு. மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பதுபோல் இருக்கிறது. டிராகன் இருக்கும் மலை அடிவாரத்துக்கே வந்துவிட்டேன், ஆனால் அதை ஏன் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அது என்னை ஒன்றும் சொல்லவில்லை.

நன்முல்லை வீடியோவில் வந்தாள். 'உன் கேம் போர்' என்று பலகையில் எழுதிக் காட்டினேன். நான் ஆடியதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, ஒருத்தரையாவது முழுசாப் பேச விட்டீங்களா?"

'நேரம் வீண்' என்று எழுதினேன்.

"உங்களுக்கென்ன ஆபீசுக்கா நேரமாச்சு? அந்த அம்புக்குறிய மொதல்ல அணைங்க. நடந்து போங்க. வழிய ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க, அவங்க சொல்வாங்க. இந்தக் கேமே அதுக்குத்தாம்ப்பா. டிராகன்லாம் சும்மா."

ஆங்கிலம் புரியவில்லையே என்று எழுதக் கையைத் தூக்கினேன். தமிழ் எம்.ஏ.க்காரன் அப்படி எழுதலாமா என்று கையை இறக்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுலயே இங்கிலீஷ் டீச்சர் இருக்காங்கல்ல?" என்றாள்.

டிசம்பர் 28

வல்லிக்கு அரையாண்டு விடுமுறை. முருங்கைக்கீரையும் முறமுமாக வந்து உட்கார்ந்தாள். அம்புக்குறியை அணைத்துவிட்டு நடந்தேன். ஆடு மேய்க்கிறவன் ஒருவன் எதிரே வந்தான். முதல்முறையாக வட்டப் பொத்தானை அமுக்காமல் நின்றேன். அவன் வாயசைத்தான். வல்லி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்தாள்.

"'என்னய்யா, வாளும் கையுமா எங்கிட்டுக் கெளம்பிட்ட? டிராகனா? அது கெடக்கட்டும். எங்க வீட்டு கெடாவ ரெண்டு நாளாக் காணோம். பாத்தியா? கழுத்துல செவப்புக் கயிறு கட்டியிருக்கும். மச்சினன் மேலதான் எனக்குச் சந்தேகம்.'"

அப்படியே நிலக்கோட்டைச் சந்தைக் குரல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சோபாவில் குலுங்கினேன். கண்ணீரே வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்" என்றாள் வல்லி, கீரையை ஆய்ந்துகொண்டே.

டிராகனை விட்டுவிட்டுப் பொழுது சாயும்வரை கெடா தேடினோம்.

டிசம்பர் 30

வழி தவறிவிட்டது. அம்புக்குறி இல்லாததால் வலப்பக்கம் போக வேண்டியவன் இடப்பக்கம் போய் ஒரு பெரிய ஆற்றங்கரையில் நிற்கிறேன். அங்கே ஓர் ஓடக்காரி. ஹில்டா என்று பெயர். வல்லிக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "ஹில்டாக்கா என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்று முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"'அக்கரைக்கா? போலாந்தம்பி. ஆனா அங்க எம் புருசன் இருக்கான். காலையில பல்லு வெளக்குனதும் கரையில வந்து நின்னு பேச ஆரம்பிச்சான்னா, பொழுது சாயறவரைக்கும் பேசுவான். ஆத்து எரைச்சல்ல இந்தக் கரைக்கு ஒண்ணுமே கேக்காது. வாய் அசையறது மட்டுந்தான் தெரியும். சனம் நின்னு வேடிக்கை பாக்குது. அவன் என்னடான்னா, தம் பேச்சுல ஊரே மயங்கி நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்.'"

எவ்வளவு அழகான கற்பனை! வெள்ளைக்காரனுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோன்றுகிறதோ. 'அவன் ஏன் அக்கரைக்குப் போனான்?' என்று பலகையில் எழுதினேன்.

வல்லி திரையை உற்றுப் பார்த்தாள். "அத இன்னைக்குச் சொல்ல மாட்டாளாம். நாளைக்கு வரச் சொல்றா."

ஜனவரி 1

ஹில்டாக்காவின் புருஷன் கோபித்துக்கொண்டு போகவில்லையாம். பேசிக்கொண்டே ஓடத்தில் ஏறிவிட்டானாம், அக்கரை வந்தது அவனுக்குத் தெரியவே இல்லையாம். புத்தாண்டு நன்றாக இருந்தது.

ஜனவரி 4

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வல்லி நான்கரைக்கு வருகிறாள். காபி போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கைம்மாறு எல்லாம் இல்லை, சும்மாதான். அவள் வந்து போட்டால் ஆட்டம் தாமதமாகிறது.

வென்ட்மோரில் ஒரு பசு வாங்கியிருக்கிறோம். நான் புது வாள் வேண்டும் என்றேன், அவள் பசு என்றாள். பலகையில் எவ்வளவு வேகமாக எழுதினாலும் வாயோடு சண்டை போட முடியாது. இப்போது டிராகனைக் கொல்ல வந்த வீரன் பசுவை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான்.

இன்று ஒரு சத்திரத்தில் பாடகன் ஒருவன் நரம்பை மீட்டிக்கொண்டு பாடினான். வல்லி வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று ராகத்தோடு பாடினாள். மழைக்குக் காத்திருக்கும் ஊரைப் பற்றி ஏதோ. நன்றாகப் பாடினாள். வல்லிக்குப் பாட வரும் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது பாடினாள். அதற்கப்புறம் எப்போது பாடினாள் என்று யோசித்துப் பார்த்தேன். சமையலறையில் பாடியிருப்பாள். மிக்ஸி சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

ஜனவரி 9

சென்னையிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை. வல்லி பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு நன்முல்லையிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. மார்கழிப் பனி.

ஹில்டாக்கா இன்று புருஷனுக்கு அரிசியும் கருவாடும் யாரிடமோ கொடுத்து அனுப்பினாளாம். "'திட்டிக்கிட்டேதான் அனுப்புனேன்'னு சொல்றா" என்றாள் வல்லி. ஏன் அனுப்பினாளாம் என்று எழுதினேன். "அதான் எனக்கும் வெளங்கல" என்றாள்.

ஜனவரி 15

பொங்கல். சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். வல்லி வேண்டாம் என்றுதான் சொன்னாள். குமரகுரு எப்படிக் கவிழ்கிறான் என்று நான் பார்க்க வேண்டாமா?

எழுந்தான். என் பட்டுச் சட்டை நிறத்திலேயே ஒரு சட்டை.

"பொண்ணு பாக்கப் போனேங்க. பொண்ணு நல்லாப் பாடும்னாங்க. பாடுச்சு. நா ஒடனே சரின்னு தலையாட்டிட்டேன். ஏன் தெரியுமா? தலையாட்டலேன்னா இன்னொரு பாட்டு பாடும்னு தரகர் காதுல சொல்லிட்டாரு! கல்யாணம் ஆனதுலருந்து எங்க தெருவுல கொசு மருந்தே அடிக்கறதில்லீங்க. எங்க வீட்டம்மா ஒரு பாட்டுப் பாடுனா போதும்!"

அரங்கம் அதிர்ந்தது. மாடி வீட்டிலும் சிரித்தார்கள். என் ஜோக், என் முத்திரை ஜோக். டைமிங் போதாது. தரகருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பழுக்கும். இவன் அவசரக்காரன்.

வல்லி சிரிக்கவில்லை. டைமிங்தான் காரணமாக இருக்க வேண்டும். இந்த ஜோக்கை நான் எப்போதும் மேடையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மடியில் வைத்திருந்த கைகளை அவள் ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி வைத்தாள். அப்புறம், "பொங்கல் ஆறிடும்" என்று எழுந்து உள்ளே போனாள்.

நாங்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஜனவரி 16

வல்லி ஆட்டத்துக்கு வரவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டுமாம். பொங்கல் லீவில் எந்தப் பரீட்சை என்று எழுதினேன். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன்.

ஜனவரி 18

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே அகராதியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். ஓடக்காரி வாயைத் திறந்ததும் ஆட்டத்தை நிறுத்தி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன்.

'ஆற்றைக் கடக்க இரண்டு காசு.'

மறுபடி பேசினேன். 'இன்று வெயில் நன்றாக இருக்கிறது.'

மறுபடி. 'மழை வந்தால் ஓடம் போகாது.'

மறுபடி. 'ஆற்றைக் கடக்க இரண்டு காசு.'

அவ்வளவுதான். மூன்றே வசனம். மதியம் முழுக்கப் பேசிப் பார்த்தேன், திருப்பித் திருப்பி அதே மூன்று. பெட்டியில்தான் கோளாறு என்று நன்முல்லைக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஹில்டாவின் புருஷன் கதை காணாமல் போய்விட்டது.'

'எந்தப் புருஷன்பா? அவ சும்மா ஓடம் ஓட்டற கேரக்டர்' என்று பதில் வந்தது.

பசுவை ஓட்டிக்கொண்டு ஆடு மேய்க்கிறவனைத் தேடிப் போனேன். அவன் பாலாடைக்கட்டி விற்கிறான். அவனிடம் கெடாவும் இல்லை, மச்சினனும் இல்லை. சத்திரத்துப் பாடகன் ஏதோ ஒரு ராஜாவின் போரைப் பற்றிப் பாடுகிறான். மழையே இல்லை.

அம்புக்குறியை அணைத்ததால்தான் கேம் ருசிக்கிறது என்று மகளிடம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20

வல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பலகையை அவள் முன்னால் வைத்தேன். 'அது பழைய ஜோக். கூட்டம் கேட்கும். எல்லோர் மனைவியையும் பற்றித்தான்.'

படித்தாள். இன்னொரு சட்டையை எடுத்தாள்.

"பழசுதான். மொத மொத அத நீங்க சொன்னது ஒட்டன்சத்திரத்துல. நா மூணாவது வரிசையில இருந்தேன். பக்கத்துல எங்கம்மா இருந்தாங்க."

நான் பேனாவை எடுத்தேன்.

"சுத்தி அத்தன பேரும் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாங்க. எங்கம்மாவும் சிரிச்சாங்க, மாப்பிள்ளைக்காக. அதுக்கப்பறம் நா உங்க புரோகிராம் எதுக்கும் வந்ததில்ல. ஏன் வரலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

பலகையை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, மடித்த துணிகளுக்கு மேல் கவிழ்த்து வைத்தாள்.

"வேணாம். நீங்க பேச முடியாதுங்கறதாலதான் இத்தன வருசத்துக்கப்பறம் இதயே சொன்னேன். எழுத விட்டா அதுலயும் ஒரு ஜோக் இருக்கும்."

பேனாவை மூடினேன். இருந்தது. நல்ல ஜோக்தான்.

ஜனவரி 21

குமரகுருவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'பெண் பார்க்கும் ஜோக்கை இனி எந்த மேடையிலும் எடுக்காதே.' 'ஏண்ணே, அதுக்குத்தான் கைதட்டே' என்றான். 'டைமிங்' என்று போட்டேன். 'சரி, நீங்க திரும்பி வந்து எப்படிச் சொல்றதுன்னு காட்டுங்க' என்றான். இல்லை என்று அனுப்பினேன். அதற்குள் அவன் கும்பிடும் பொம்மை அனுப்பிவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

ஜனவரி 23

சாதாரணச் சதைதானாம். பயப்பட ஒன்றுமில்லையாம். டாக்டர் பெனடிக்ட் சொன்னதும் எழுந்தேன். கால் கொஞ்சம் மரத்திருந்தது, அவருடைய நாற்காலி சரியில்லை. வல்லி மருந்துக்கடைக்கு முன்னால் போய் நின்று அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸை வெகுநேரம் படித்தாள். நானும் பக்கத்தில் போய் நின்று அதையே படித்தேன். பற்பசைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. அவள் தோள் குலுங்குவது நிற்கும்வரை இரண்டு பேரும் படித்தோம்.

மூன்று மாதத்துக்கு மேடை கிடையாது. வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் மெதுவாகப் பேசிப் பழகலாம். டாக்டர் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

முதல் பேச்சுக்கு இத்தனை நாளும் மனதுக்குள் பல உரைகள் தயாரித்து வைத்திருந்தேன். அதில் ஒன்று நன்றியுரை, எதுகை மோனையோடு. சாயங்காலம் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, டிவியைப் போட்டேன். என் ஆளும் பசுவும் ஆற்றங்கரையில் நின்றார்கள்.

"வல்லி" என்றேன்.

உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "உங்களுக்கு இருக்கறதே அஞ்சு நிமிசம். நன்முல்லை கூப்புடுவா. அவகிட்டப் பேச வேணாமா? சும்மா செலவழிக்காதீங்க."

"ஓடக்காரி மூணு வசனந்தான் பேசறா."

நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை.

"எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

"பொங்கலுக்கப்பறம்."

"ஏமாத்திட்டேன்னு கோவமா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று. அதற்கு மேல் எதுகையும் வரவில்லை, மோனையும் வரவில்லை.

"அப்பறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அவன் ஆத்தத் தாண்டுனானா?"

வல்லி சோபாவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்கினாள். பசுவை மேட்டிலேயே விட்டுவிட்டு, என் ஆளைத் தட்டுத் தடுமாறி ஓடத்துறைவரை நடத்திக்கொண்டு போய்த் தண்ணீரைப் பார்க்க நிறுத்தினாள். ஓடக்காரி வெயில் நன்றாக இருக்கிறது என்றாள். வல்லி வட்டப் பொத்தானை அமுக்கினாள். ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தாண்ட விடலாமா வேணாமான்னு நா இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

எனக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.